சூடாகுதுன்னா கிரீஸ் அடிக்காதீங்கய்யா!

மோட்டார் பேரிங் கொஞ்சம் சூடானா போதும், கிரீஸ் கன்னைத் தூக்கிட்டு வந்து பிதுங்கி வழியற வரைக்கும் அடிச்சுத் தள்ளறாங்க. எத்தனை தடவை சொல்றது? கிரீஸ் கூடினா சூடும் கூடும்! உள்ளே இடமில்லாம பேரிங் குண்டுங்க எல்லாம் கிரீஸைக் கடைஞ்சுக்கிட்டே கிடக்கும், எண்ணெய் பிரிஞ்சு ஓடிடும், மிச்சம் மோட்டாருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள்ல (வைண்டிங்) போய் அப்பிக்கும்.

6309 நம்பர் பேரிங்குக்கு ஒரு தடவைக்கு 12, 13 கிராம் போதும். வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டர்ல பெருக்கி, அதை 0.005-ஆல பெருக்கினா கிராம் கணக்கு வந்துடும். இதைக்கூடவா போட்டுப் பார்க்க முடியாது?

கீழே இருக்கிற டிரெயின் பிளக்கை, அதான் பழைய கிரீஸ் வெளியேற வழி விடற மூடியை, யாருமே கழட்டறதில்லை. பழைய கிரீஸ் எங்கே போகும்? இதுல லித்தியம் கிரீஸ் மேலயே பாலியூரியா கிரீஸை வேற ஏத்தறாங்க. ரெண்டும் ஒத்துப்போகாம இளகி ஓடினா, பழி மட்டும் மோட்டார் மேல!