மொட்டை மாடியில் எட்டு

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: "நடங்கம்மா." அம்மாவும் நடக்கிறார். மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக ஒரு எட்டு வரைந்து, காலையில் அரை மணி நேரம் அதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார். லைசென்ஸ் வாங்கக்கூட ஒருமுறை எட்டுப் போட்டால் போதும்!

இதே அம்மா ஊரில் இருந்தவரை 'வாக்கிங்' போனதே இல்லை. ரேஷன் கடை, கோயில், சித்தி வீடு என்று அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். சென்னைக்கு வந்த பிறகு, நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் காய்கறிக் கடைக்கு ஸ்கூட்டரில் உட்கார்த்திக் கூட்டிப்போகிறேன். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் ஒருநாள் அவரோடு நடந்து பார்த்தேன்.

நடைபாதை இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு கார் ஏற்ற ஒரு சரிவு. நான்கு அடி நடந்தால் இறங்கணும், மறுபடி ஏறணும். நடுவில் ஒரு மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றிப் போனால் டீக்கடைக்கு வந்தவர்களின் பைக்குகள். மூன்றாவது வீட்டுக்கு முன்னால் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ரோடே தேவலைடா" என்று இறங்கிவிட்டார். பின்னாலேயே தண்ணி லாரி ஹாரன்.

அன்றைக்கு இரவே டேப் எடுத்துப்போய் அளந்தேன். நடைபாதையின் உயரம் 31 சென்டிமீட்டர். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி என்ன சொல்கிறது தெரியுமா? உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடக்கத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலைக் கட்டி, அதன் மூடியையே நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். வடிகால் எவ்வளவு உயரமோ நடைபாதையும் அவ்வளவு உயரம்.

2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே நடக்கப் போக வண்டி எடுக்கணும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். அங்கே அம்மா ஜவுளிக் கடை ஜவுளிக் கடையாக ஒன்றரை மணி நேரம் நடந்தார், ஒருமுறைகூட முட்டி வலி என்று சொல்லவில்லை. (என் கால்தான் வலித்தது.)

இன்னொரு உதாரணம் சென்னையிலேயே திருமங்கலம் பக்கத்து ஏசியாட் காலனி. அங்கே சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை நோய் ஆய்வு செய்து, விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள். அப்புறம் காலனிக்காரர்களே கைக்காசு போட்டு ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் 14.2 சதவீதம், சில வருடம் கழித்துப் பார்த்தபோது 58.7. கூட்டங்களில் பேசியதும் உதவியிருக்கும், சரி. பேச்சு மட்டுமே போதுமென்றால் எங்கள் டாக்டர் பதினோரு வருடமாகப் பேசுகிறாரே!

இப்போது பக்கத்துத் தெருவில் வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள், அடுத்தது எங்கள் தெருவாம். நடைபாதையைத் தாழ்வாக, ஒரே மட்டத்தில் போடச் சொல்லி மனு எழுதி வீடு வீடாகப் போனேன். பதினாறு வீட்டில் ஐந்து கையெழுத்து. மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "அப்ப காரை எங்க சார் நிறுத்துறது?"