குதிரைக்காரர் கையில் வெள்ள நிவாரணம்

அமெரிக்க அரசின் உயர் பதவிகளில் தகுதியற்றவர்களை நியமிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதற்குக் கட்டுரையாளர் டிரம்ப் காலத்தை மட்டுமே எடுத்துக்காட்டுகிறார். ரிக் பெர்ரி கதை சுவையானதுதான். 2011இல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட முனைந்த அவர், விவாத மேடையில் மூன்று அரசுத் துறைகளை மூடப்போவதாக எண்ணத் தொடங்கி, மூன்றாவதன் பெயர் மறந்து விழித்தார். மறந்துபோன அந்த எரிசக்தித் துறைக்கே 2017இல் அமைச்சர் ஆனார். அணு ஆயுதக் கையிருப்பைப் பராமரிக்கும் துறை ஐயா அது!

ஆனால் நோய் பழையது. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் பார்த்த வேலை, அரேபியக் குதிரைச் சங்கத்தில் போட்டி நடுவர்களைக் கண்காணிப்பது. அதிபர் புஷ்ஷின் தேர்தல் பிரசாரத்தை நடத்திய ஜோ ஆல்பா முதலில் அந்த முகமைக்குத் தலைவரானார். நண்பர் பிரவுனை உள்ளே அழைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியையும் விட்டுக்கொடுத்தார். இத்தகைய நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் செனட் சபை தடுத்ததா? இல்லை.

புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரின் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் குடிநீரின்றித் தவித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. புயல் அடித்து மூன்று நாள் கழித்து, தமக்கு அன்றுதான் அது தெரியவந்தது என்றார் பிரவுன். மறுநாளே புஷ் அவரைப் பாராட்டினார்! மாநில, நகர நிர்வாகங்களும் சொதப்பின, மறுக்கவில்லை. ஆனால் புயல் கரையைத் தொட்ட காலையில், வேலையை விட்டுவிடலாமா என்று சக அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேலியாகக் கேட்டவர் இவர்தான். வேலையை விட்டது இரண்டு வாரம் கழித்து.