வெறும் சேறு அன்று

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நீர் வற்றும் நேரம் பார்த்து என் தங்கை மகனைச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நடைபாலத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற தமிழ்க் குடும்பத்தினர் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, “முதலையையும் காணோம், வெறும் சேறுதான்” என்று சொல்லியபடி நகர்ந்தார்கள். சேற்றில் கால் வைத்தவர்களால்தான் நமக்குச் சோறு கிடைக்கிறது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் அந்த ‘வெறும்’ என்ற சொல் என்னை இன்னும் உறுத்துகிறது.

அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, மலாய்க்காரர்கள் தெம்பாகுல் என்று அழைக்கும் மட்ஸ்கிப்பர் மீன் ஒன்று, நம் உளுவைக்கு உறவானது, ஒரு சாண்கூட இராது, முதுகுத் துடுப்பில் நீலப் புள்ளிகள் மின்ன மேய்ந்துகொண்டிருந்தது. தலையை இடமும் வலமும் அசைத்து, சேற்றின் மேற்படலத்தைச் சீவிச் சீவித் தின்றது. பழுப்பாகத் தெரியும் அந்தப் படலம் அழுக்கன்று, வெயிலில் வளரும் நுண்பாசி. நடுநடுவே ஒருக்களித்துப் புரண்டு உடம்பை நனைத்துக்கொண்டது. கண்களை உள்ளிழுத்து ஈரமாக்கி மீண்டும் வெளியே நீட்டியது. ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்தே மூச்சு வாங்கும் மீன் அது. காற்றில்லாத சேற்றுக்குள் வளை தோண்டி, வாய் நிறையக் காற்றை எடுத்துச் சென்று சேமித்துவைக்கும் வகைகளும் இவற்றில் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது. கடலோரத்தை மேடாக்கியும் ஆற்று முகத்துவாரங்களை அடைத்து நீர்த்தேக்கங்கள் கட்டியும் வந்ததில், இன்று ஏறத்தாழ ஒரு விழுக்காடே எஞ்சியிருக்கிறது. 1989இல் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட சுங்கை பூலோ, 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த முடிவுகளுக்கு நான் உண்மையிலேயே நன்றியுடையவன். ஆனால், காப்பது என்றால் மரம் நடுவது மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிழல் விழும் இடத்தில் அந்தப் பாசி செழிக்காது, கல் அடுக்கிய கரையில் வளை தோண்ட முடியாது. ஆகவே காட்டுக்கு முன்னால் திறந்து கிடக்கும் சேற்றுவெளியை, அது எவ்வளவு வெறுமையாகத் தோன்றினாலும், காட்டுக்கு நிகராக அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முக்கால் மணி நேரத்தில் நீர் ஏறத் தொடங்கியது. வளைவாயைத் தண்ணீர் தொட்டதும் மீன் உள்ளே இறங்கிவிட்டது. “மாமா, மறுபடி எப்போது வற்றும்?” என்று கேட்டவனுக்காக, அடுத்த மாத ஓத நேர அட்டவணையை எடுத்து வைத்திருக்கிறேன்.