அட்லாண்டிக் சிட்டியில் வென்றவர் பால்மர் அல்ல

‘50 வயது தாண்டியவர்களுக்கான தொழில்முறை கோல்ஃப் 1980-ல் அட்லாண்டிக் சிட்டி சீனியர் இன்டர்நேஷனல் போட்டியில்தான் பிறந்தது, அதை வென்றவர் அர்னால்ட் பால்மர்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நியூ ஜெர்சியின் நார்த்ஃபீல்டில் நடந்த அந்தப் போட்டியை வென்றவர் டான் ஜனவரி. 1967-ல் கோல்ஃபின் பெரிய பட்டங்களில் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்ற டெக்சாஸ்காரர். பால்மரின் பெரும்புகழில் அவர் பெயர் மறைந்துபோவது நியாயமே இல்லை. சரி, குழப்பம் எப்படி வந்திருக்கும்? பால்மரும் அதே 1980-ல், டிசம்பரில், ஒரு பட்டம் வென்றார். ஆனால் அது பிஜிஏ சீனியர்ஸ் சாம்பியன்ஷிப். ஃபுளோரிடாவில் பால் ஹார்னியை பிளேஆஃபில் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டத்தில்) தோற்கடித்து வென்றது.

‘1980-ல் பிறந்தது’ என்பதும் தவறுதான்: அந்த சீனியர்ஸ் சாம்பியன்ஷிப் 1937-லேயே அகஸ்டா நேஷனல் மைதானத்தில் தொடங்கிவிட்டது. முதல் வெற்றியாளர் ஜாக் ஹட்சிசன். அப்புறம் 1978-ல் ஆஸ்டினில் லெஜண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப் என்ற போட்டி வந்தது. சாம் ஸ்னீடும் கார்ட்னர் டிக்கின்சனும் ஜோடியாக வென்றார்கள். மூத்த வீரர்களுக்கென தனி டூர் (ஆண்டு முழுக்க நடக்கும் போட்டித் தொடர்) தொடங்கும் நம்பிக்கையைத் தந்தது இந்தப் போட்டிதான்.

அட்லாண்டிக் சிட்டி போட்டி நீண்ட காலம் நிலைக்கவில்லை. அப்படித் தொடங்கிய சீனியர் பிஜிஏ டூரின் முதல் போட்டி என்ற பெருமை மட்டும் அதற்கே உரியது.