சாவியைக் கேட்பதற்கு உரிய நேரம் ஞாயிறு காலை

என் கணவர் குடிகாரர் அல்லர் என்று சொல்லிச் சொல்லியே நான் எட்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை, அதுவும் நண்பர்களின் வீட்டு விசேஷங்களில் மட்டுமே குடிப்பவர். வீட்டில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அந்த இரவுகளிலெல்லாம் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் காரை ஓட்டிவந்தவர் அவர்தான். மடியில் தூங்கும் மகளை அணைத்தபடி, அவர் பிரேக் போட வேண்டிய இடங்களிலெல்லாம் என் கால் தானாகவே தரையை அழுத்த, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் நான்.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "நிதானமாகத்தானே இருக்கிறேன்?" மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு நிதானத்தை அளப்பதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம்; முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மோர் குடிப்பதும் முகம் கழுவுவதும் அந்த அளவைக் குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

நான் செய்த பெரிய தவறு, பேசுவதற்குத் தேர்ந்தெடுத்த நேரம். இரவு பதினொரு மணிக்கு மண்டப வாசலில், அவருடைய நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாவியைக் கேட்டால், எந்த ஆணுக்கும் அது சாவியைப் பற்றிய பேச்சாகத் தோன்றாது, மானத்தைப் பற்றிய பேச்சாகவே தோன்றும். குடித்து ஓட்டுபவருக்கு உடந்தையாக இருப்பவரும் அதே தண்டனைக்கு உரியவர் என்கிறது 188ஆவது பிரிவு. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022இல் உடன் செல்பவர்களுக்கும் அபராதம் விதிக்கத் தொடங்கியது அதன் அடிப்படையில்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தது என் சம்மதம்தானே என்று உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடிக்கும்போது பேசினேன். குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேச்சு என் மாமனாரின் காலம்வரை போய்த் திரும்பியிருக்கும். மண்டபத்துக்குள் நுழையும் முன்பே சாவி என் கைப்பைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் நானும் மகளும் பேருந்தில் திரும்புவோம் என்று மட்டும் சொன்னேன். திருமணத்துக்கு முன்பே எடுத்து பீரோவில் உறங்கிக்கொண்டிருந்த என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்து, மறுபடியும் ஓட்டிப் பழகினேன்.

கை நீட்டும் கணவரோடு வாழ்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே சாவியைப் பிடுங்குவதே ஆபத்து, வண்டியில் ஏறாமல் இருப்பதே போதும். தினமும் குடிப்பவர் என்றால் அது சாவியோடு தீர்வதும் அன்று, மருத்துவரிடம் போக வேண்டியது.

போன மாதம் ஒரு வரவேற்பு. வாசலிலேயே சாவியைத் தந்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் என் கியர் மாற்றும் முறையைக் குறை சொல்லிக்கொண்டே வந்தவர், வல்லம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்.