ஆயாவுக்குப் போட்ட டிக்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. எதிரில் எழுபதைத் தாண்டிய ஆயா. என் கையில் தனிமையை அளக்கும் 20 கேள்விகள். "எவ்வளவு அடிக்கடி தனிமையாக உணர்கிறீர்கள்?" என்று படித்தேன்.

"எனக்கென்ன தம்பி தனிமை? பெரியவன் துபாய்ல, சின்னவன் சென்னையில. மாசமானா பணம் வந்துடுது."

'ஒருபோதும் இல்லை'யில் டிக் போட்டேன். எல்லாம் முடிந்து செருப்பை மாட்டும்போது சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் உக்காந்துட்டுப் போயேன். பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு இல்ல."

அந்த டிக் இன்னும் உறுத்துகிறது.

கேள்விகள் மட்டமானவை அல்ல. 1978-ல் அமெரிக்காவில் உருவான யு.சி.எல்.ஏ. (கலிபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சல்ஸ்) தனிமை அளவுகோலின் மூன்றாம் வடிவம், 1996-ல் உளவியலாளர் டேனியல் ரஸ்ஸல் வெளியிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 20-லிருந்து 80 வரை வரும். சிக்கல் நம் மொழிபெயர்ப்பில். தமிழில் 'தனிமை' நாமே ஆசைப்பட்டுத் தேடிப்போவதும்தான், நெஞ்சை அடைப்பதும்தான். அதைவிட முக்கியம், நம் ஊரில் ஒரு தாய் 'தனிமையாக இருக்கிறேன்' என்றால் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்றாகிவிடும். எந்தத் தாய் முன்பின் தெரியாத ஒருவனிடம் அதைச் சொல்வாள்?

மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, தமிழாக்கியதை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்வோம். மூலத்தோடு ஒத்துப்போனால் சரி, முடிந்தது. ஆயாவிடம் போன கேள்வியும் அந்தச் சோதனையில் தேறியதுதான்!

நெதர்லாந்தின் சமூகவியலாளர் டி யோங் கியர்வெல்ட் உருவாக்கிய 11 வாக்கிய அளவுகோலில் 'தனிமை' என்ற சொல்லே வராது. வெறுமை, நம்பிப் பேச ஆள், கூட இருக்க மனிதர்கள் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்கும். நாமும் அப்படித்தான் போக வேண்டும், ஆனால் நம் சனங்களின் வாயிலிருந்து. முதலில் முதுநகர், மஞ்சக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். கிடைத்த பேச்சை வாக்கியமாக்கி, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவர்களிடமே திரும்பக் கேட்க வேண்டும். புள்ளிவிவரக் கணக்கெல்லாம் அப்புறம்.

வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணினாலும் பிடிபடாது. ஏழு பேர் உள்ள வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள் எந்தக் கணக்கில் வருவாள்? வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அளக்க வேண்டும்.

என் நோட்டில் இப்போது நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. 'வீடு வெறிச்சுன்னு கெடக்கு.' 'போன் அடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.' 'சொல்லி அழக்கூட ஆளில்ல.' நான்காவது ஆயாவுடையது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள்.