மோகமுள் படத்துக்கு எதற்கு அந்தச் சிரிப்பு?

அந்தக் கிளிப்பை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். போதும், பார்த்துவிட்டேன். ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒரு பையன் எழுந்து, தி. ஜானகிராமன் நாவலை வைத்து எடுத்த 'மோகமுள்' படத்தைப் பற்றி ஏதோ கேட்க வருகிறான். கேள்வி முடியக்கூட இல்லை. மேடையில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதையெல்லாமா இன்னும் பார்க்கிறீர்கள்?" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. பையன் உட்கார்ந்துவிடுகிறான். பேசியவர் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்கே தெரியும், எனக்கு வம்பும் வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். படத்தைப் பற்றிக் கேட்டால் படத்தைப் பற்றிப் பதில் சொல்லுங்கள். "நாவல் மாதிரி வரவில்லை" என்று வழக்கமாகச் சொல்வது விமர்சனமே இல்லை. தி. ஜானகிராமன் 600 பக்கத்துக்கு மேல் எழுதியதை இரண்டு சொச்சம் மணி நேரத்தில் யார் எடுத்தாலும் நாவல் மாதிரி வராது. வரவும் வேண்டாம். நாவல்தான் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதே, அதை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

1995இல் வந்த படம். 'பாட்ஷா' ஓடிய வருஷம். ஞான ராஜசேகரன் அப்போது கேரளத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி, இதுதான் முதல் படம். முதல் படத்துக்கே எடுத்துக்கொண்ட கதையைப் பாருங்கள்: பாபு என்ற கல்லூரிப் பையன், அவன் ஆசைப்படுகிற, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, சங்கீதமே மூச்சான ரங்கண்ணா. சண்டை இல்லை, சவால் இல்லை. சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது கிடைத்தது. விருது கொடுத்துவிட்டு எல்லாரும் மறந்தும் போனோம். பிறகு அவரே 'பாரதி' எடுத்தபோதுதான் பலருக்குப் பெயர் தெரிந்தது.

நம் சினிமாவில் பையன் எப்படி வளருவான்? ஓடுகிற கால்களைக் காட்டுவார்கள், அடுத்த ஷாட்டில் மீசை வந்திருக்கும். பாபு அப்படி வளரவில்லை. அவமானப்பட்டு வளருகிறான். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள், கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண், ஒரு ராத்திரி அவனிடம் வருகிறாள். வேறு படமாக இருந்தால் அங்கே ஒரு பாட்டு வைத்திருப்பார்கள். இங்கே அவன் குறுகிப்போகிறான். யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று தவிக்கிறான். யமுனாவிடம் அதுவரை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளுக்கு எதுவும் தெரியவும் தெரியாது. யாருக்கு, என்ன துரோகம்? அந்த வயதில்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும். தமிழில் இந்த வயதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் மலையாள நடிகர் நெடுமுடி வேணு. காவாலம் நாராயண பணிக்கரின் நாடகக் குழுவில் வளர்ந்த மனிதர், மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர். ரங்கண்ணாவாக அவர் உட்கார்ந்திருக்கும்போது பாட்டு வாத்தியார் வேஷம் போட்ட நடிகர் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இதைப் பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பையனிடம்!

"இளையராஜா பாட்டை எடுத்துவிட்டால் படத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். ஏன் எடுக்க வேண்டும்? சங்கீதத்தைப் பற்றிய கதையில் சங்கீதத்தை எடுத்துவிட்டு மதிப்பெண் போடுவதாம். நல்ல நியாயம். யேசுதாஸ் பாடிய 'கமலம் பாத கமலம்' படத்துக்கு வெளியே ஒட்டவைத்த பாட்டு இல்லை, பாபு எதற்காகக் கும்பகோணத்தில் ரங்கண்ணா வீட்டுப் படியேறுகிறான் என்பதற்கான பதில்.

"பாபுவாக நடித்தவர் விறைப்பாக இருக்கிறார்." சரி, சில இடங்களில் இருக்கிறார். இருபது வயதில் நானும் விறைப்பாகத்தான் இருந்தேன். "வேண்டாம் என்றவளையே சுற்றிவருவது இன்றைக்குச் சரியா?" அது நாவலிலும் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

நான் இந்தப் படத்தை வீட்டு டிவியில்தான் பார்த்தேன். அப்பா மில்லில் நைட் ஷிப்ட். அம்மா மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். படம் பார்க்கவில்லை, பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். யமுனாவுக்கு வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிற இடத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "அம்மக்காரி வேற சாதின்னா அந்தப் புள்ள என்னல செய்யும்?" என்றாள். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. யமுனாவின் அம்மா பிறந்த தஞ்சாவூர் மராட்டியர் யார், ஜானகிராமன் யார், ஒன்றும் தெரியாது. ஆனால் யமுனாவின் கதையில் முள் எங்கே இருக்கிறது என்று அந்தக் கத்தரிக்கோலுக்குத் தெரிந்திருந்தது. நாவலின் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கிளை நூலகத்தில் தேடி எடுத்தேன். அட்டை இல்லாத புத்தகம், கடைசிப் பக்கங்கள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. ஜானகிராமனின் 'மரப்பசு', 'அம்மா வந்தாள்' எல்லாம் அதற்குப் பிறகு.

பல வருஷம் கழித்து ஒரு வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு பெரியவர் சிரித்த முகமாகவே, "ஓ, படம் பார்த்துவிட்டு வந்த கோஷ்டியா?" என்றார். அதற்கப்புறம் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். நேற்று அந்தப் பையன் உட்கார்ந்தது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

"நகைச்சுவையாகச் சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் கேட்டார். உங்களுக்கு நகைச்சுவை. வீட்டில் பீரோ நிறையப் புத்தகம் உள்ளவர்களுக்கு எல்லாமே நகைச்சுவைதான். தாத்தா காலத்துக் கலைமகள் பைண்டு வால்யூம் எங்கள் வீட்டில் கிடையாது ஐயா. எங்களுக்குக் கிடைத்த வாசல் டிவி. அந்த வாசல் வழியாக வந்தவனை, முன்வாசல் வழியாக வரவில்லையே என்று நிறுத்தி விசாரிக்கிறீர்கள். இலக்கியம் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அதே மேடையில் அரை மணி நேரம் பேசவும் செய்கிறீர்கள். போய்ச் சேர்ந்த ஒருவன் எழுந்து நின்றான். என்ன செய்தீர்கள்?

எனக்குத் தெரிந்து ஜானகிராமனுக்கு இந்த மடியெல்லாம் இருந்ததில்லை. வானொலியில் வேலை பார்த்தவர், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜுக்கு நாடகம் எழுதியவர். அவருடைய 'நாலு வேலி நிலம்' 1959இலேயே சினிமாவாகவும் வந்தது. அவருக்குச் சினிமா ஆகியிருக்கிறது, அவர் வாசகர்களுக்குத்தான் ஆகவில்லை.

கமெண்டில் "முதலில் நாவலைப் படியுங்கள்" என்று எழுதக் கை பரபரப்பவர்களுக்கு: படித்தாயிற்று, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. நீங்கள் படத்தை ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.